உஷார்! புது எல்.எஸ்.டி.க்குப் பழைய ஷிம் போடாதீர்கள்

கியர் பாக்ஸ் மேஜைமேல் பிரிந்து கிடக்கிறதா? புது எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) அட்டைப்பெட்டியிலிருந்து இறங்கிப் பளபளவென்று பக்கத்தில் காத்திருக்கிறதா? ஹவுசிங்கை மூடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளி மூடினால் குடி முழுகிப்போகாது. அளக்காமல் இன்றே மூடினால் பேரிங் போகும். பேரிங்கோடு கிரவுன் வீல் போகும். ஹவுசிங் உடைந்தால் மொத்தக் கியர் பாக்ஸும் போகும். ஓட்டத்தில் டிஃபரன்ஷியல் பேரிங் பிடித்துக்கொண்டால் சக்கரங்களும் சேர்ந்து இறுகும். அது ஒர்க்‌ஷாப் வாசலில் நடக்காது. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் நடக்கும்.

எல்.எஸ்.டி. மேல் வரும் ஆசை நியாயமானதுதான். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் கொடுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். எடை வெளிப்பக்கம் சாய்கிறது. உள்பக்க முன்சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுழல்கிறது. அந்தச் சக்கரம் தாங்கும் கொஞ்ச விசைக்கு மேல் வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்காது. டர்போ இன்ஜினுக்கு ரீமேப் போட்டு டார்க்கை ஏற்றியவர்களுக்கு இந்த எரிச்சல் நன்றாகவே தெரியும். 1935-இல் ஃபெர்டினாண்ட் போர்ஷேவுக்கும் இதே தொல்லைதான். ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் 16 சிலிண்டர் இன்ஜின் கொடுத்த பலத்தில் பின்சக்கரம் ஒன்று நேர்ச்சாலையிலேயே வழுக்கிச் சுழன்றது. அவர் இசட்.எஃப். நிறுவனத்திடம் போய் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் கேட்டார். இன்று கிடைப்பவற்றில் பிளேட் வகை, ஹெலிகல் வகை என்று இரண்டுதான் நமக்கு முக்கியம். பிளேட் வகையில் கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும். ஹெலிகல் வகையில், டார்சென், குவாய்ஃப் போன்றவற்றில், பல்சக்கரங்களின் உராய்வே அந்த வேலையைப் பார்க்கும்.

எதை வாங்கினாலும் சரி. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி மூடும் வேலை இல்லை இது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

குறுக்கே வைத்த இன்ஜினும் முன்சக்கர டிரைவும் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் அதன் இரு முனையிலும் ஒவ்வொரு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். பேரிங்கின் கோன், அதாவது உள்வளையம், டிஃபரன்ஷியல் மேல் ஏறியிருக்கும். கப், அதாவது வெளிவளையம், ஹவுசிங்கில் உட்கார்ந்திருக்கும். ஒரு கப்புக்கு அடியில் மெல்லிய எஃகு வளையம் ஒன்று இருக்கும். அதுதான் ஷிம். தொழிற்சாலையில் அந்தப் பெட்டியையும் அந்த டிஃபரன்ஷியலையும் சேர்த்து அளந்து, அதற்குப் பொருந்தும் தடிமனைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் அதே மாடல் காருக்குக்கூட அது பொருந்தும் என்று சொல்ல முடியாது. அப்படியிருக்க, வேறு நிறுவனம் செய்த எல்.எஸ்.டி.க்கு எப்படிப் பொருந்தும்? அதன் உடலில் ஒரு பேரிங் உட்காரும் இடத்துக்கும் மறு பேரிங் உட்காரும் இடத்துக்கும் உள்ள நீளம் ஒரிஜினலிலிருந்து 0.1 மி.மீ. மாறியிருந்தாலே கதை முடிந்தது. ஷிம்கள் பெரும்பாலும் 0.05 மி.மீ. இடைவெளியில்தான் வருகின்றன. ஆக, அந்த 0.1 என்பது இரண்டு ஷிம் அளவு பிசகு. பேரிங்கையும் மாற்றினால் பேரிங்கின் சொந்த வித்தியாசமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. "பழைய ஷிம்மையே போட்டுட்டேனுங்ணா, கையில சுத்திப் பாருங்க, வெண்ணெய் மாதிரி சுத்துது." கேட்பவருக்கும் மனசு குளிர்ந்துவிடும். தயவுசெய்து குளிராதீர்கள். அதைக் கேட்டால் பதற வேண்டும். டேப்பர் ரோலர் பேரிங் போட்ட டிஃபரன்ஷியல் வெண்ணெய் மாதிரி சுற்றக் கூடாது. லேசாகக் கையை எதிர்க்க வேண்டும்; ஒரே சீராக, எங்கும் கடிக்காமல் எதிர்க்க வேண்டும். அந்த எதிர்ப்புக்குப் பெயர்தான் பிரீலோட். அதாவது பேரிங்குகள் இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே ஒன்றையொன்று நோக்கிக் கொஞ்சம் அழுத்தி வைப்பது.

ஏன் அழுத்த வேண்டும்? டிஃபரன்ஷியலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்கள் சாய்வானவை. விசை ஏறும்போதெல்லாம் அந்தச் சாய்வு டிஃபரன்ஷியலைப் பக்கவாட்டில் தள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறு பக்கம். நடுவில் பிளே இருந்தால் ஒவ்வொரு மிதியிலும் ஒவ்வொரு விடுகையிலும் அந்தக் கனமான உருளை இடம் மாறி இடிக்கும். பற்கள் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் சுமையைத் தாங்கும். பேரிங்கிலும் எல்லா ரோலரும் சுமையைப் பகிராது. இரண்டு மூன்று மட்டும் மாட்டிக்கொண்டு அடி வாங்கும்.

இதோடு இன்னொரு கொடுமை சேர்கிறது. ஹவுசிங் அலுமினியம், டிஃபரன்ஷியல் எஃகு. சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். டிகிரிக்கு மீட்டர் நீளத்தில் அலுமினியம் சுமார் 0.023 மி.மீ., எஃகு சுமார் 0.012. இரண்டு பேரிங்குக்கும் இடையே 150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் மூடிய பெட்டி மலைப்பாதையிலோ ரேஸ் டிராக்கிலோ 105 டிகிரிக்குப் போனால் ஏற்றம் 80 டிகிரி. அலுமினியம் 0.28 மி.மீ. அளவுக்கு விரியும், எஃகு 0.14 மட்டுமே. மிச்சம் 0.13 மி.மீ. இடைவெளி புதிதாகத் திறந்துகொள்ளும். குளிரில் மேஜைமேல் "டைட்டும் இல்லை, லூஸும் இல்லை, கரெக்ட்" என்று தோன்றிய செட்டிங், சூட்டில் 0.13 மி.மீ. லூஸ் ஆகிறது. மேஜைமேலேயே லூஸாக இருந்ததன் கதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லூஸான பெட்டியில் முதலில் ஒரு ஊளை கேட்கும். காலை எடுத்து வண்டி தானாக உருளும்போது அதிகமாகும். இன்ஜின் வேகத்தோடு மாறாது, வண்டி வேகத்தோடுதான் மாறும். அடுத்து டிரைவ் ஷாஃப்ட் சீலில் ஆயில் கசியும். உள்ளே டிஃபரன்ஷியல் ஆடுவதால் சீலின் உதடு தேய்கிறது என்று புரியாமல் சீல் மேல் சீலாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். சீல்காரனைத் திட்டிப் பயனில்லை.

சரி, இறுக்கிவிட்டால் தப்பித்தோமா? அது இன்னும் வேகமான சாவு. அளவுக்கு மேல் பிரீலோட் கொடுத்த பேரிங்கில் ரோலருக்கும் தடத்துக்கும் நடுவே ஆயில் படலம் நிற்காது. உலோகத்தில் உலோகம் தேயும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம் என்று எஃகில் சூட்டின் சாயம் ஏறும்; தடத்தில் மேல்தோல் செதில் செதிலாக உரியும்; ரோலர்களைப் பிடித்திருக்கும் கேஜ் கிழியும். அதன் துகள்கள் ஆயிலோடு சேர்ந்து மற்ற எல்லாப் பேரிங்குக்குள்ளும் போகும். லூஸான செட்டிங் மாதக்கணக்கில் கொல்லலாம். டைட்டான செட்டிங்குக்கு ஒரு மலைப்பயணம் போதும்.

ஆகவே அளக்க வேண்டும். இதற்கு டயல் கேஜ், அதைப் பிடிக்கும் காந்த ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், மைக்ரோமீட்டர், அந்தப் பெட்டிக்குரிய ஒர்க்‌ஷாப் மேனுவல், இவ்வளவும் வேண்டும். மேனுவல் இல்லாத மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு கைராசிக்காரர் என்றாலும் சொல்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் பிரீலோட் அளவு வேறு; அதை அனுபவத்தால் ஊகிக்க முடியாது.

வேலை இப்படிப் போகும். கோன்கள் இரண்டையும் எல்.எஸ்.டி.யில் அடிவரை ஏற்றுங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள். பிரஸ்ஸில் வைத்து உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள். ரோலர் கேஜ் மேல் விசை விழுந்தால் புது பேரிங் பிறக்கும்போதே ஊனம். சூடாக்கி ஏற்றுவதானால் 100 டிகிரி வாக்கில் போதும், 120-ஐத் தாண்ட விடாதீர்கள். கேஸ் டார்ச் சுடரை பேரிங் மேல் காட்டுகிறவரைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்; அந்தச் சூட்டில் எஃகின் கடினம் போய்விடும். ஏறிய பிறகு மிக மெல்லிய ஃபீலர் கேஜை அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் கோன் இன்னும் உட்காரவில்லை. இங்கே ஒளிந்திருக்கும் இடைவெளிதான் பிறகு ஓட்டத்தில் உட்கார்ந்து பிரீலோட்டைத் தின்றுவிடும்.

பிறகு ஷிம் இல்லாமல் கப்பை வைத்து, எல்.எஸ்.டி.யை மட்டும் தனியாக ஹவுசிங்கில் இறக்குங்கள். கியர் ஷாஃப்ட்கள் வெளியே, சீல்களும் வெளியே. ஹவுசிங்கின் இரு பாதியும் சேரும் முகத்தில் பழைய அனபாண்ட் பசையின் பொருக்கு ஒரு துளிகூட இருக்கக் கூடாது. பேப்பர் கேஸ்கெட் போடும் பெட்டியானால் அந்தக் கேஸ்கெட்டைப் போட்டே அளக்க வேண்டும். அதன் தடிமனும் கணக்கில் சேர்த்தி. எல்லா போல்ட்டையும் சொன்ன டார்க்குக்கு இறுக்குங்கள். நான்கு போல்ட் மட்டும் மாட்டி அளந்தால் ஹவுசிங் முழுதாகச் சேராது. கிடைக்கும் எண் பொய். டயல் கேஜை டிஃபரன்ஷியலின் முனையில் நிறுத்தி, பல சுற்று சுற்றி ரோலர்களைத் தடத்தில் அமரவிட்டு, மேலே தூக்கி, கீழே அழுத்திப் படியுங்கள். சுற்றாமல் தூக்கினால் ரோலர்கள் சாய்ந்த நிலையில் நின்று பிளேயைக் குறைத்தோ கூட்டியோ காட்டும். டிஃபரன்ஷியலைத் திருப்பி வேறு இரண்டு நிலைகளிலும் படியுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் மேலே போகாதீர்கள். எங்கேயோ அழுக்கோ, உட்காராத கோனோ இருக்கிறது.

கிடைத்த பிளேயோடு மேனுவல் சொல்லும் பிரீலோட் அளவைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் ஷிம். அந்த ஷிம்மையும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே போடுங்கள், மேலே அச்சடித்த எண்ணை நம்பிப் போடாதீர்கள். அளவு கிடைக்கவில்லை என்று தகரத்தையோ ஃபீலர் கேஜ் இதழையோ வெட்டி அடியில் வைக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். அது நசுங்கும், கிழியும், கடைசியில் கிரவுன் வீலுக்குள் போகும்.

இத்தோடு முடியவில்லை. ஷிம் போட்டு மறுபடி மூடி, கியர் ஆயில் தடவிய பேரிங்குகளோடு டிஃபரன்ஷியலைச் சுற்ற எவ்வளவு விசை பிடிக்கிறது என்று பாருங்கள். மேனுவலில் அதற்கும் எண் இருக்கும். புது பேரிங்குக்கு அதிகம், ஓடிய பேரிங்குக்குக் குறைவு. இரண்டையும் குழப்பி, பழைய பேரிங்கைப் புது பேரிங்கின் எண்ணுக்கு இறுக்கினால் மேலே சொன்ன நீலச் சாயம்தான். இந்தச் சோதனையைத் தாண்டிய பிறகுதான் மற்ற ஷாஃப்ட்கள் உள்ளே போகலாம்.

சில பழைய ஹோண்டா பெட்டிகளில் டிஃபரன்ஷியலுக்கு டேப்பர் இல்லை, பால் பேரிங். அங்கே பிரீலோட் என்ற பேச்சே கிடையாது. சொன்ன அளவுக்குள் சின்ன இடைவெளி இருக்க வேண்டும். டேப்பர் பாடத்தை அங்கே கொண்டுபோய் இறுக்கினால் பேரிங் புதுசாகவே சாகும். சுபாரு போல நீளவாக்கில் கியர் பாக்ஸ் உள்ளவையும், ஜீப், பிக்கப் வகைகளின் பின் ஆக்சிலும் இன்னும் சிக்கல். அவற்றில் பினியனும் கிரவுன் வீலும் செங்குத்தாகச் சேர்வதால் பிரீலோட்டோடு பேக்லாஷும் (பற்களுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளி) பற்கள் படும் தடமும் பார்க்க வேண்டும். சுபாருவின் 5 ஸ்பீடு பெட்டியில் பேக்லாஷுக்குக் கேட்கும் அளவு 0.13-லிருந்து 0.18 மி.மீ. வரை மட்டும்தான். இது தனி வித்தை. அந்த வேலை தெரிந்தவரிடமே விடுங்கள்.

கிரவுன் வீலை எல்.எஸ்.டி.க்கு மாற்றும் இடத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கோல்ஃப், ஆக்டேவியா கார்களில் வந்த 02ஜே போன்ற ஃபோக்ஸ்வாகன் பெட்டிகளில் கிரவுன் வீல் போல்ட்டில் நிற்பதில்லை, ரிவெட்டில் நிற்கிறது. ஓடி ஓடி ரிவெட் தலை உடைந்து ஹவுசிங்கையே துளைத்துக்கொண்டு வெளியே வருவது அந்தப் பெட்டிகளின் பேர்போன வியாதி. எல்.எஸ்.டி. போடும்போது ரிவெட்டை டிரில் செய்து எடுத்து, உயர்தர போல்ட் போட வேண்டும். அந்த டிரில் துருவல் ஒரு துளி உள்ளே தங்கினாலும் நீங்கள் அளந்து போட்ட புது பேரிங் வீண். கிரவுன் வீல் போல்ட்டில் நிற்கும் பெட்டியானால், கழற்றிய போல்ட்டை மறுபடி போடாதீர்கள். துளைகளில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, திரெட் லாக்கர் தடவி, எதிரெதிராகப் படிப்படியாக இறுக்குங்கள். பிறகு கிரவுன் வீல் முகம் தள்ளாடுகிறதா என்று டயல் கேஜிலேயே பாருங்கள்.

பேரிங் வாங்கும் இடம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் நல்ல கியர் பாக்ஸ் கிடைக்கலாம். கழற்றிய டேப்பர் பேரிங் மட்டும் வேண்டாம். ஒன்றின் கோனும் வேறொன்றின் கப்பும் சேர்ந்து வந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புது பேரிங்கிலும் போலி இருக்கிறது. அச்சு அசல் அட்டைப்பெட்டி, அச்சு அசல் எழுத்து, உள்ளே மட்டமான எஃகு. போலியை அடையாளம் காண எஸ்.கே.எஃப். தனி ஆப் வெளியிடும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். வழக்கத்தைவிட விலை குறைவாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

ஆயில் விஷயத்தில் எல்.எஸ்.டி. தயாரித்தவரின் சொல்லே கடைசிச் சொல். ஹெலிகல் வகை பெரும்பாலும் பெட்டியின் வழக்கமான ஆயிலிலேயே ஓடும். பிளேட் வகைக்கு எல்.எஸ்.டி.க்கென்றே தயாரித்த ஆயில் வேண்டும். மூடுவதற்கு முன் தகடுகளை அந்த ஆயிலில் ஊறவைக்க வேண்டும். ஆனால் அதே ஆயிலில்தான் உங்கள் சிங்க்ரோ வளையங்களும் குளிக்கின்றன. பின் ஆக்சிலுக்கான ஏதோ ஒரு ஜிஎல்-5 ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளைச் சிங்க்ரோவை அரிக்கக்கூடும். சிங்க்ரோவுக்குப் பாதுகாப்பு என்று தெளிவாகச் சொல்லும் ஆயிலையே தேடுங்கள். ஓட்டிப் பழக்கிய பிறகு முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கிவிடுங்கள். ஆயில் இறக்கும் பிளக்கின் காந்தத்தில் மாவு போலச் சாம்பல் ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். விரலில் உறைக்கும் செதில் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

பிளேட் எல்.எஸ்.டி. குறுகிய வளைவில் கடகடவென்று சத்தம் போடும். அது அதன் இயல்பு. நேர்ச்சாலையில் வரும் உறுமல் இயல்பல்ல. "எல்.எஸ்.டி.ன்னா அப்படித்தாங்க இருக்கும்" என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஓட்டிய பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஹவுசிங்கின் பாதிதான்.

வேலை முடிந்ததும் நம் பட்டறைகளில் செய்யும் ஒரு காரியத்தை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, காதை வைத்துச் சத்தம் கேட்பார்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். இத்தனை வருடம் தப்பித்தது அதனால்தான். எல்.எஸ்.டி. போட்ட வண்டியில் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போகும். வண்டி ஜாக்கியை உதைத்துத் தள்ளிவிட்டுப் பாயும், எதிரே குனிந்து நிற்பவர் மேல். ஹெலிகல் வகைதானே என்றும் துணியாதீர்கள். இரண்டு டிரைவ் சக்கரத்தையும் தூக்கி உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், வண்டிக்கு முன்னாலும் அடியிலும் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வண்டியை வேறு ஒர்க்‌ஷாப்பில் விட நேர்ந்தால், உள்ளே எல்.எஸ்.டி. இருக்கிறது என்பதை வாயால் சொல்வதோடு ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டும் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.